அடிக்கு முந்தின படிகள்: நம்ம ஊர் தற்காப்பு வகுப்புகள் மேல் ஒரு விமர்சனம்

சில மாதங்களாகத் தமிழில் வரும் தற்காப்பு வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரெண்டு மூணு ஒருநாள் பட்டறைகளுக்கும் போய் ஓரமா உக்காந்து குறிப்பெடுத்தேன். கூடவே இது சம்பந்தமான ஆய்வுகள், சட்டப் பிரிவுகள், சில தீர்ப்புகள். எல்லாத்தையும் ஒரே மேசையில் பரப்பி வைத்துப் பார்க்கும்போது ஒரு ஓட்டை தெளிவாகத் தெரிகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். கராத்தே, சிலம்பம், குத்துச்சண்டை கத்துக்கறதுக்கு எதிரா நான் எழுதலை. உடம்புக்கு நல்லது. நிமிர்ந்து நடக்க வைக்கும். அதெல்லாம் உண்மை. என் புகார் வேற. தற்காப்பு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பது மாடிப்படியின் கடைசிப் படி மட்டும். கீழே இருக்க வேண்டிய படிகளை யாரும் கட்டித் தருவதில்லை. கீழ்ப்படி இல்லாத மாடியில் யாரும் ஏற மாட்டார்கள், தரையிலேயே நின்றுவிடுவார்கள். அந்தத் தரைக்குப் பெயர் மௌனம்.

வீடியோவில் வருபவனும் பஸ்ஸில் வருபவனும்

இந்த வீடியோக்களுக்கு ஒரு வார்ப்பு இருக்கு. ஆள் இல்லாத தெரு. முகம் தெரியாத ஒருத்தன். பின்னாலிருந்து கழுத்தைப் பிடிக்கிறான், இல்லைன்னா மணிக்கட்டைப் பிடிக்கிறான். பிடித்ததும் அப்படியே சிலை மாதிரி நிற்கிறான். பெண் முழங்கையால் விலாவில் ஒரு அடி, குதிகாலால் பாதத்தில் ஒரு மிதி, திரும்பி மூக்கில் ஒரு குத்து. அவன் சுருண்டு விழுகிறான். பதினைந்து வினாடி. கீழே கமெண்ட்டில் தீப்பொறி எமோஜி.

இப்போ நம்ம அன்றாடத்தை எடுத்துக்குங்க. கூட்டமான டவுன் பஸ்ஸில் தெரிந்தே இடிக்கிறவன். சிக்னலில் கண்ணாடி உரசினதுக்கு வண்டியை நிறுத்தி இறங்கி வர்றவன். பாராட்டுற சாக்கில் தோளில் கை வைத்து, அதை எடுக்காமலே பேசிக்கொண்டிருக்கும் மேலாளர். கல்யாண வீட்டில் குடித்துவிட்டு நெருங்கி நெருங்கிப் பேசும் உறவினர். பார்க்கிங் சண்டையில் மார்பில் விரலை வைத்துத் தள்ளும் பக்கத்து வீட்டுக்காரர். இதில் எதற்கு மூக்கை உடைக்க முடியும்? உடைக்க மாட்டோம் என்பது நமக்கே தெரியும். அதனால்தான் ஒண்ணும் செய்யாமல் வந்துவிடுகிறோம்.

தேசியக் குற்றப் பதிவு ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்: உறவினர், அக்கம்பக்கத்தார், நண்பர், வேலை கொடுத்தவர். பதிவாகாத வழக்குகள் இந்தக் கணக்கில் இல்லை, தெரிந்தவன் மேல் வழக்குப் போடுவது போலீஸுக்குச் சுலபம் என்றெல்லாம் வாதிடலாம். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், முகம் தெரியாதவனை மட்டுமே வைத்துப் பாடம் நடத்துவதற்கு இந்தக் கணக்கில் ஆதரவு கிடையாது.

ஒரு கேள்வியும் ஒரு கைதட்டலும்

ஒரு கல்லூரிப் பட்டறை. மாஸ்டர் நல்ல மனுஷன், வியர்க்க விறுவிறுக்கச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் கேள்வி நேரம். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"மாஸ்டர், அவர் சொந்தக்காரரா இருந்தா?"

"எவனா இருந்தா என்னம்மா? மூக்குல ஒரே குத்து!"

அரங்கம் முழுக்கக் கைதட்டல். அந்தப் பெண்ணும் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டாள். கேள்வி முடிந்தது, பதில் வரவில்லை.

அவள் எந்த இடத்தில் குத்துவது என்று கேட்கவில்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிற ஒருவர், அம்மாவுக்கு வேண்டியவர், சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து தேவையில்லாமல் கை வைத்தால் நான் என்ன வார்த்தை சொல்ல வேண்டும், யார் காதில் விழும்படி சொல்ல வேண்டும், சொன்ன பிறகு எங்கே போய் நிற்க வேண்டும் என்று கேட்டாள். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அதற்கு மூக்கில் குத்து என்பது பதில் ஆகாது. அவளும் குத்தப் போவதில்லை, மாஸ்டருக்கும் அது தெரியும். அப்போ அந்தக் கைதட்டல் யாருக்கு?

நம்ம ஊரில் இன்னொரு வார்த்தை இருக்கு: தர்ம அடி. பஸ்ஸில் ஒருத்தி கத்தினால் கூட்டம் சேர்ந்து அவனுக்குத் தர்ம அடி கொடுக்கும், மறுநாள் பேப்பரில் அதே வார்த்தையோடு செய்தி வரும். படிக்கும்போது திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் பஸ்ஸில் நிற்கிற பெண்ணின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்க. வாயைத் திறந்தால் ஒருத்தன் ரத்தம் சிந்துவான், வண்டி நிற்கும், போலீஸ் வரும், பேரு கேட்பாங்க, வீட்டுக்குத் தெரியும். ஒரு கையைத் தட்டிவிடுவதற்கு இவ்வளவு விலையா என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவாள். பதிலடி எவ்வளவு பெரிதோ, அதை எடுக்கத் தயக்கமும் அவ்வளவு பெரிது. நடுவில் சின்னச் சின்ன பதில்கள் இருந்தால்தான் ஆள் வாயைத் திறப்பார்.

கனடாவில் அளந்து பார்த்தது

இது வெறும் என் ஊகம் இல்லை. கனடாவில் விண்ட்சர் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் சார்லீன் சென் வடிவமைத்த ஒரு பயிற்சியை, 3 பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகள் 893 பேரிடம் சோதித்தார்கள். 2015ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வெளியானது. ஒரு பாதிக்கு 12 மணி நேரப் பயிற்சி, இன்னொரு பாதிக்குத் துண்டுப் பிரசுரம் மட்டும். ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது, பிரசுரம் வாங்கியவர்களில் 9.8 சதவீதம் பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம். முயற்சி மட்டும் நடந்த சம்பவங்களிலும் 9.3க்கு 3.4 என்று வித்தியாசம் இருந்தது.

இந்த எண்களை விட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 12 மணி நேரம் செலவான விதம். உடல்ரீதியான தற்காப்புக்குச் சுமார் 2 மணி நேரம்தான். மீதியெல்லாம் என்ன? முதல் பகுதி, ஆபத்தை எடை போடுவது: தெரிந்த ஆள் ஒருவரின் நடத்தையில் எந்த அறிகுறியைக் கவனிக்க வேண்டும். ரெண்டாவது பகுதி, ஒப்புக்கொள்வது: "இவர் நல்லவராச்சே", "மனசு கஷ்டப்படுமே", "நான்தான் தப்பா நினைக்கிறேனோ" என்று மனசுக்குள் எழும் தடைகளைக் கடப்பது. மூணாவதுதான் செயல். அதிலும் சொல், குரல், உடல் எல்லாம் சேர்ந்தே வரும். கடைசிப் பகுதி, தன் விருப்பம் என்ன, எல்லை எது என்று தானே தெளிவாகத் தெரிந்துகொள்வது.

கனடா கல்லூரிகளின் வாழ்க்கை வேறு, நம்ம ஊர் வீடு வேறு. அந்த எண்களை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் பாடத்திட்டத்தின் விகிதத்தைப் பாருங்க. அங்கே குத்துக்கு ஆறில் ஒரு பங்கு. நான் பார்த்த பட்டறைகளில் குத்து தவிர வேறு எதற்கும் நேரமே இல்லை.

நேரம் இல்லாததும் காரணமில்லை. மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ராணி லட்சுமிபாய் தற்காப்புப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை மாணவிகளுக்கு 3 மாதப் பயிற்சி, பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய். கராத்தே, ஜூடோ, சிலம்பம் என்று இடத்துக்கு ஏற்ப சொல்லித் தருகிறார்கள். 3 மாதத்தில் 12 மணி நேரத்தைப் பேச்சுக்கும் எடை போடுவதற்கும் ஒதுக்க இடம் தாராளமாக இருக்கு. ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம்தான் வேண்டும்.

பயிற்சி செய்ய முடியாத வித்தை

"கண்ணைக் குத்து, தொண்டையில அடி" என்பதில் இன்னொரு சிக்கல். அதை யாரும் நிஜமாகப் பயிற்சி செய்ய முடியாது. கூட்டாளியின் கண்ணை முழு வேகத்தில் குத்திப் பழக முடியுமா? காற்றில் குத்திப் பழகுவோம், அல்லது அவர் முகத்துக்கு அரை அடி முன்னால் நிறுத்துவோம். அவரும் ஒத்துழைத்துத் தலையைப் பின்னால் சாய்ப்பார்.

ஜிகோரோ கானோ 1882ல் ஜப்பானில் கோடோகனைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கியபோது இதைத்தான் யோசித்தார். பழைய ஜுஜுத்சுவிலிருந்த ஆபத்தான அடிகளை வரிசைப் பயிற்சிகளில் மட்டும் வைத்துக்கொண்டு, எதிரில் நிற்பவர் முழு பலத்தோடு எதிர்க்கும் பயிற்சியிலிருந்து அவற்றை எடுத்துவிட்டார். வீரியம் குறைந்த மாதிரி தெரியும். நடந்தது நேர்மாறு. எதிர்க்கும் உடம்போடு தினமும் மல்லுக்கட்டிப் பழகினவருக்கு, நிஜத்திலும் அது கைவந்தது. அளவான உத்திக்கு இருக்கிற பெரிய பலம் இதுதான். பயிற்சி செய்யலாம், திரும்பத் திரும்பச் செய்யலாம், செய்து தோற்கலாம்.

மணிக்கட்டு விடுவிப்பை எடுத்துக்குங்க. கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளிதான் பிடியின் பலவீனமான இடம், அந்தப் பக்கமாகக் கையைத் திருப்பி இழுத்தால் வெளியே வரும். இது சரியான பாடம். ஆனால் கூட்டாளி மெதுவாகப் பிடித்து நிற்கும்போது மட்டும் செய்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் அது பாடம் ஆகாது. அவர் இழுக்கட்டும், உலுக்கட்டும், இன்னொரு கையையும் போடட்டும். பத்துத் தடவையில் எத்தனை தடவை வெளியே வருகிறது என்று அப்போதுதான் தெரியும்.

கத்தியைப் பிடுங்கும் வீடியோக்களைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுத மனசு வரலை. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983ல் எழுதிய கட்டுரை ஒன்று போலீஸ் வட்டாரத்தில் பிரபலம். கத்தியோடு ஓடி வருபவர் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவார் என்று அவர் ஓட விட்டுப் பார்த்துச் சொன்னார். இடுப்பில் துப்பாக்கி இருப்பவருக்கே அந்த நேரம் போதாது என்பது அவர் வாதம். அப்போ வெறுங்கையோடு நிற்கிறவருக்கு? பர்ஸையும் போனையும் கொடுத்துவிட்டு ஓடு என்பதைத்தான் முதல் பாடமாகச் சொல்ல வேண்டும். அது வீடியோவுக்கு அழகா இருக்காது, அவ்வளவுதான்.

நம்ம மரபிலேயே இந்த அளவு உணர்வு இருந்திருக்கு. சிலம்பத்தில் கம்பு சுற்றுவதற்கு முன்னால் காலடி. எவ்வளவு தூரத்தில் நிற்பது, எந்தப் பக்கம் விலகுவது என்று காலுக்குத்தான் முதல் பாடம். கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்கள் அடி மட்டும் சொல்லித் தருவதில்லை, அடிபட்டவனை எழுப்பும் அடங்கலும் அதே கல்வியில் சேர்த்தி. அடிக்கத் தெரிந்தவனுக்கு நிறுத்தவும் தெரியணும் என்ற எண்ணம் நமக்குப் புதுசு இல்லை.

சட்டம் சொல்லும் அளவு

சட்டத்தைப் பற்றி ரெண்டு விதமான தவறான நம்பிக்கை சுற்றுகிறது. ஒண்ணு, "தற்காப்புன்னு சொன்னா என்ன வேணா செய்யலாம்." இன்னொண்ணு, "கை வைச்சா நம்ம மேலதான் கேஸ் வரும்." ரெண்டும் சரியில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவை. சாரம் மாறவில்லை. அன்றாடத்துக்குத் தேவையானது நாலு விஷயம்.

ஒன்று, உங்கள் உடம்பை மட்டுமல்ல, வேறு ஒருவரின் உடம்பைக் காப்பாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவருக்கும் இது பொருந்தும்.

ரெண்டு, அடி விழும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழும்போதே உரிமை தொடங்குகிறது.

மூணு, அந்த அச்சம் நீங்கியதும் உரிமையும் முடிகிறது. இறங்கி ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து அடிப்பது தற்காப்பு இல்லை. தர்ம அடிக்குச் சட்டத்தில் தர்மம் கிடையாது.

நாலு, தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீஸ் போன்ற அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. உயிரையே எடுக்கும் அளவுக்கு உரிமை நீள்வது சில நிலைகளில் மட்டும்: உயிருக்கு ஆபத்து, கொடுங்காயம், வன்புணர்ச்சி, கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவை.

"அந்த நேரத்தில் யாருப்பா அளந்து பார்ப்பாங்க?" நியாயமான கேள்விதான். 2010ல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. ஆபத்தின் நடுவில் நிற்பவர் பொன்னை நிறுக்கும் தராசில் வைத்து எடை போடுவதுபோல் துல்லியமாக அளந்து பதில் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் பழி தீர்க்க இந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது. கிராம் கணக்கு வேண்டாம், ஆனால் கிலோ கணக்காவது தெரிந்திருக்கணும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்தக் கிலோ கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கு. 2024ல் கர்நாடக உயர் நீதிமன்றம், ஒரு சொத்துத் தகராறில் பெப்பர் ஸ்ப்ரே அடித்தவர்கள் மேலிருந்த வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உடனடி உயிர் ஆபத்து இல்லாத இடத்தில் அதைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது என்பது காரணம். ஸ்ப்ரே வாங்கச் சொல்லும் எத்தனை வீடியோ எப்போது அடிக்கக் கூடாது என்பதைச் சொல்கிறது?

படிகள் எப்படி இருக்கும்

விமர்சனம் மட்டும் பண்ணிட்டுப் போனா நியாயமில்லை. மூணு சூழலை எடுத்துக்குவோம்.

முதலில் பஸ். முதல் படி இடம் மாறுவது, பையை நடுவில் வைப்பது. இது பயந்து ஒதுங்குவது இல்லை. தெரியாமல் பட்ட கையா, தெரிந்தே பட்ட கையா என்று சோதிக்கும் வழி. தெரியாமல் பட்டது விலகிவிடும், மற்றது பின்னாலேயே வரும். வந்தால் ரெண்டாம் படி குரல். "கையை எடுங்க." சின்ன வாக்கியம், சத்தமாக, முகத்தைப் பார்த்து. "ஏன் இப்படிப் பண்றீங்க" என்று கேள்வியாகக் கேட்டால் அவன் பதில் சொல்லத் தொடங்குவான், விவாதம் ஆகிவிடும். என்ன செய்யணும் என்று சொல்வதே நல்லது.

"எடுடா" வேண்டாமா என்று கேட்பீங்க. தமிழில் மரியாதைப் பன்மையே ஒரு கருவி என்பது என் எண்ணம். அமெரிக்காவில் ஷாட்லண்டும் ஸ்ட்ராவும் 1976ல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கு. நடித்துக் காட்டிய ஒரு தாக்குதலில் பெண் "உன்னை எனக்குத் தெரியாது" என்ற பொருளில் கத்தியபோது பார்த்தவர்களில் 65 சதவீதம் பேர் குறுக்கிட்டார்கள். "உன்னை ஏன் கட்டிக்கிட்டேனோ" என்ற பொருளில் கத்தியபோது 19 சதவீதம் பேர்தான். குடும்பச் சண்டை என்று நினைத்தால் ஊர் ஒதுங்கிப் போகும். நம்ம பஸ்ஸில் "டேய், விடுடா" என்பதைத் தெரிந்தவர்களின் சண்டை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. "யாருங்க நீங்க? கையை எடுங்க" என்றால் அந்தச் சந்தேகமே இல்லை. கூடவே, "டா" போட்டால் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும், பேச்சு திசை மாறும். தேவைப்பட்டால் "டா"வுக்கு அப்புறம் இறங்கிக்கொள்ளலாம்.

மூணாம் படி ஆள் சேர்ப்பது. "யாராவது வாங்க" என்று பொதுவாகச் சொல்லாமல் ஒருவரைக் குறிப்பிட்டு: "நீலச் சட்டை அண்ணா, கண்டக்டரைக் கூப்பிடுங்க." வேடிக்கை பார்க்கிற உலகம்தானே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்பு கேமராக்களில் பதிவான 219 பொதுவிடச் சண்டைகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது சம்பவங்களில் ஒருவராவது உதவிக்கு வந்திருக்கிறார். ஆள் கூடக் கூட உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியது. அவை வெளிப்படையாகத் தெரிந்த சண்டைகள். பஸ் சீண்டல் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தெரிய வைப்பதுதான் குரலின் வேலை.

நாலாம் படி கண்டக்டர். 2012ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பஸ்ஸில் சீண்டல் நடந்து பாதிக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால் வண்டியை அருகில் உள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஊழியர்களுக்கு உத்தரவிட்டது. இது இருக்குன்னு தெரிஞ்சு கேட்பதற்கும் தெரியாமல் கேட்பதற்கும் குரலில் வித்தியாசம் வரும். இதெல்லாம் நடக்கும்போதே அவன் பிடித்து இழுத்தால், வழியை மறித்தால், அப்போ கை விடுவிப்பு, தள்ளல், தேவையானால் அடி. முழங்கை அப்போதும் இருக்கு. அதற்கு முன்னால் நாலு படி ஏறியிருக்கிறோம், சாட்சிக்கு முப்பது பேர் இருக்காங்க.

ரெண்டாவது, ரோட்டில் வண்டி உரசல். இது பெரும்பாலும் ஆண்கள் அடிபடுகிற இடம். கெட்டவனிடம் மாட்டிக்கொண்டதால் மட்டும் அடி விழுவதில்லை. ரெண்டு பேரில் ஒருத்தரும் கிளம்பிப் போகாததால் விழுகிறது. ரெண்டு கை நீள இடைவெளி, கைகள் திறந்து மார்புக்கு முன்னால், விரல் நீட்டாமல், "சரிங்க, விடுங்க, யாருக்கும் அடி படலை." திறந்த கைக்கு ரெண்டு வேலை. பார்ப்பவருக்குச் சமாதானம் மாதிரித் தெரியும், அவன் கை வீசினால் தடுக்கத் தயாராகவும் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். அவன் நண்பர்கள் சேர்ந்தால் நியாயம் யார் பக்கம் என்ற கேள்வியே கிடையாது, கிளம்ப வேண்டியதுதான். தோற்ற மாதிரி இருக்கும். ஒரு ராத்திரி தூக்கம் கெடும். ஒரு குத்தில் விழுந்து மண்டை தார் ரோட்டில் மோதினால் கெடுவது ரெண்டு குடும்பம்.

மூணாவது, தெரிந்தவர். அந்த மாணவி கேட்டது. இங்கே முதல் படி, நான் உணர்வது சரி என்று தனக்குள் ஒப்புக்கொள்வது. மற்ற எல்லாப் படியையும் விட இது உயரம் அதிகம். பிறகு எழுந்து வேறு நாற்காலிக்குப் போவது. பிறகு, மற்றவர் காதில் விழும் சாதாரணக் குரலில், "மாமா, கை எடுங்க, எனக்குப் பிடிக்கலை." மாமா என்ற வார்த்தையை விட வேண்டாம். மரியாதையைத் தான் காப்பாற்றுவதால், மீறியது யார் என்பது அறைக்குத் தெரியும். பிறகு நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே சொல்வது. அடுத்த தடவை அவர் வரும்போது தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்வது. மீறினால் 181, அவசரம் என்றால் 112, பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098. நெருக்கினால் தள்ளுவது, கத்துவது, அடிப்பது. உறவு என்பதால் கடைசிப் படி பூட்டப்படவில்லை.

ரெண்டு மறுப்புகள்

"இதெல்லாம் பாதிக்கப்படுறவங்க மேலயே பாரத்தைப் போடறது இல்லையா?" இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். தப்பு செய்பவன் பொறுப்பு, செய்தவன் பொறுப்பு மட்டும். எந்தப் படியும் ஏறாமல் உறைந்து நின்றவரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. பயத்தில் உடம்பு உறைந்துபோவது ஒரு இயற்கையான எதிர்வினை, சம்மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கவனியுங்க: "மூக்குல குத்து" பாடம்தான் உண்மையில் பாரத்தை ஏற்றுகிறது. குத்தாதவள் வகுப்புக்குப் போயும் கோட்டை விட்டவள் ஆகிவிடுகிறாள். இடம் மாறினாலும், ஒரு வார்த்தை சொன்னாலும், அம்மாவிடம் போய்ச் சொன்னாலும் அதுவும் தற்காப்புதான் என்று சொல்லிக் கொடுத்திருந்தால், தான் ஏதோ செய்தோம் என்ற நினைப்பாவது மிஞ்சும்.

"படிப்படியா ஏறிக்கிட்டிருந்தா அதுக்குள்ள ஆபத்து முத்திடாதா?" எல்லாப் படியிலும் நின்றுதான் போகணும் என்று யாரும் சொல்லவில்லை. கழுத்தில் கை வைத்தவனிடம் "கையை எடுங்க" என்று சொல்லத் தேவையில்லை. நேரே மேல்படிக்கே தாவலாம், சட்டமும் தாவச் சொல்கிறது. படிகள் இருப்பது தேர்ந்தெடுப்பதற்காக.

கட்டணம் கட்டும் முன்

உங்கள் பெண்ணையோ பையனையோ ஒரு தற்காப்பு வகுப்பில் சேர்க்கப் போனால், நான் கேட்கச் சொல்வது நாலு கேள்விதான். குரலுக்கு எத்தனை வகுப்பு ஒதுக்கியிருக்கிறீர்கள்? தெரிந்தவர் தொல்லை கொடுக்கும் சூழலை நடித்துப் பார்க்க வைப்பீர்களா? கூட்டாளி முழு பலத்தோடு எதிர்க்கும் பயிற்சி உண்டா? எப்போது நிறுத்த வேண்டும், நிறுத்திய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவீர்களா?

நாலுக்கும் பதில் இருந்தால் ஃபீஸ் கொஞ்சம் கூட இருந்தாலும் சேருங்க. ஒண்ணுக்கும் இல்லை, ஆனால் ஓடு உடைத்துக் காட்டுகிறார் என்றால், உடற்பயிற்சி வகுப்பு என்று நினைத்துச் சேருங்க. அந்த நாலையும் வீட்டில் உக்காந்து நீங்களே பேசிப் பழகிக்கலாம். "கையை எடுங்க" என்று ஹாலில் நின்று சத்தமாகச் சொல்லிப் பாருங்க. முதல் தடவை யாருக்கும் குரல் வராது. அந்த முதல் தடவை பஸ்ஸில் நடக்காமல் வீட்டில் நடக்கட்டும்.